லாரி பட்டைக்குத் தண்ணீர்த் தோய்ச்சல் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் வெட்டுக்கத்தி அடிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு, 'சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் போதும்' என்கிறது. அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டும். இப்படிக் கத்தி அடிக்க எடுக்கும், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் கிடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். குரோமியமோ சிலிக்கனோ கலந்திருக்கும். அது எண்ணெயிலேயே இறுகிவிடும். தண்ணீரில் இறக்கினால் மெல்லிய வாய் முந்தி இறுக, தடித்த முதுகு பின்னால் இறுகி, 'டிக்' என்று விரிசல் விடும். கத்தி நீள நீள இந்த ஆபத்தும் கூடும்.

அடித்த கையோடு தோய்க்கவும் (காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து இறுக்கவும்) கூடாது. சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்தால், சம்மட்டி அடியில் ஏறிய இறுக்கம் தளரும். வாயை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவையுங்கள், கூர் கடைசியில்தான்.

சூட்டைக் காந்தம் வைத்துப் பார்க்கலாம்; அது ஒட்டாமல் போவது 770 டிகிரி செல்சியஸ் வாக்கில். தோய்ச்சலுக்கு 830 வேண்டும், அதாவது இன்னும் ஒரு சாயல் சிவப்பு. நம்மூர் வெயிலில் அந்தச் சாயல் கண்ணுக்குத் தெரியாது. நிழலில், முடிந்தால் அந்தியில் காய்ச்சுங்கள். சின்ன உலையில் நீளக் கத்தியின் நடுப்பகுதி மட்டும் பழுக்கும். முன்னும் பின்னும் இழுத்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நுனி மெல்லியது, சீக்கிரம் கருகும்.

கிலோ இரும்புக்கு 8 லிட்டர் கடலை எண்ணெய், 50 முதல் 60 டிகிரி சூட்டில். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து மெதுவாகவே சூட்டை இழுக்கும். பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், புகை நஞ்சு. பாத்திரம் ஆழமான இரும்புக் குழாயாக, பக்கத்தில் மூடியோடு இருக்கட்டும்; தீப்பிடித்தால் மூட வேண்டுமே தவிர, தண்ணீர் ஊற்றக் கூடாது. நுனி கீழாக நேரே இறக்குங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வளையும்.

தோய்த்த வாயில் அரத்தை இழுத்துப் பாருங்கள்; அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. அந்த நிலையில் கீழே விழுந்தாலே கண்ணாடியாக உடையும். எனவே கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள், 220 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதப்படுத்த (மிதமாகச் சூடாக்கி, உடையும் தன்மையைக் குறைக்க) வேண்டும். சமையலறை ஓவனின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். தோய்த்ததும் பார்க்கையில் அரம் வழுக்காமல் பிடித்தால், காய்ச்சியதில் மேலே படிந்த செதிலைத் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பிடித்தால் சூடு போதவில்லை. ஆறவிட்டு, முதலிலிருந்து காய்ச்சுங்கள்.

— பட்டறைத் தொழில் வாசகர்கள், அம்பத்தூர், சென்னை