நகை போடாதவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் நகை போடாததை 'மூடப்பழக்கம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. காது, கழுத்து, கை எல்லாம் வெறுமை. பல சபைகளில் தாலியும் கிடையாது. அதே ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி உண்டு. வெள்ளைச் சேலையில் பஸ் ஏறினால் "வீட்டுக்காரர் இல்லையா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சினிமாவும் இல்லை, ஞாயிறு முழுக்க ஆராதனைக்கே.

இதில் ஒரு லாபமும் உண்டு. சவரன் கணக்கில் நகை கேட்கும் ஊரில், நகையே போடாத பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு கடன் குறைவு. (ரொக்கமாகக் கேட்பவர்கள் அங்கேயும் உண்டு, அது வேறு கதை.)

ஆனால் சபையார் எடுத்துக்காட்டும் பைபிள் வசனம், 1 தீமோத்தேயு 2:9, பொன்னோடு சேர்த்து விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. கல்யாண வீடுகளில் பட்டுச் சேலைக்கு மட்டும் எப்படி விலக்கு கிடைத்தது? ஆண்களின் கார், கைக்கடிகாரம் பற்றியும் பிரசங்கம் கேட்ட நினைவில்லை.

தென்திருவிதாங்கூரில் கிறிஸ்தவ நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடி வாங்கிப் போராடி, 1859-இல் அரச ஆணை பெற்றார்கள். அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அந்த வழியில் வந்த பெண்களிடம், என்ன உடுத்துவது என்பதைச் சபைக் கமிட்டி ஒருமுறையாவது கேட்கட்டுமே.

- ஒரு வாசகி, நாகர்கோவில்