நாங்கள் நிற்கும் இடத்தில், நாங்கள் வேலை செய்யும் நேரத்தில் பஞ்சுத் தூசியை அளக்க வேண்டி மனு

அனுப்புநர்:
உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள ஓ.இ. (ஓப்பன் எண்ட் முறை) நூற்பாலை ஒன்றின் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும்) பிரிவுத் தொழிலாளி
(என் பெயர், முகவரி, மில்லின் பெயர், உடன் கையொப்பமிட்ட 23 பேரின் விவரம் ஆகியவை ஒட்டிய தனி உறையில் உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

நாள்: 12.08.2024, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: நூற்பாலையில் பஞ்சுத் தூசியின் அளவையும் தொழிலாளர்களின் நுரையீரல் நிலையையும் முறையாகச் சோதிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 44 வயது. 18 வருடங்களாகப் பஞ்சாலை வேலைதான் செய்கிறேன். அதில் 11 வருடம் இப்போதுள்ள மில்லின் கார்டிங்கில். பீடி, சிகரெட் ஒருநாளும் தொட்டதில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடந்து போவது என் வழக்கம். இந்த வருடமும் நடந்தேன். ஆனால் மலைப்படியில் இடும்பன் சந்நிதிக்கு மேல் கால் எழவில்லை. காவடியைத் தம்பி மகன் தோளுக்கு மாற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் வலி இல்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது.

இந்த இளைப்பு தொடங்கிய விதத்தைத் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஐந்தாறு வருடங்களுக்கு முன் அது திங்கட்கிழமை மட்டும் வந்தது. எங்கள் மில்லுக்கு ஞாயிறு வார விடுமுறை. திங்கள் காலை ஷிப்டில் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும், நெஞ்சைச் சுற்றி ஈரத் துண்டை முறுக்கிக் கட்டியது போல இறுகும். செவ்வாய் தளரும், புதன் மறந்துபோகும். அடுத்த திங்கள் மறுபடியும். பிறகு செவ்வாயும் விடவில்லை. இப்போது எல்லா நாளும் ஒன்றுதான். என்னோடு கார்டிங்கிலும், பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் புளோரூமிலும் இருப்பவர்களை விசாரித்தேன். ஒன்பது பேர் இதே திங்கட்கிழமையைச் சொன்னார்கள்.

ஒரு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். ஆஸ்துமா என்று மருந்து எழுதிக்கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பிஸ்ஸினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் அடையாளம் என்று, சட்டம் படிக்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் குணமாகும், முற்றிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது என்றும் அவள் படித்துக் காட்டினாள்.

எங்கள் மில்லில் புதுப் பஞ்சு குறைவு. மற்ற மில்களின் காம்பரில் (பஞ்சைச் சீவும் மெஷினில்) கழிந்த பஞ்சும், பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்தெடுத்த பஞ்சும்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. பேலை, அதாவது பஞ்சுப் பொதியை, உடைக்கும்போதே தூசி புகைபோல எழும்பும். அதைவிட மோசம், ஷிப்ட் முடியும் முன் காற்றுக் குழாயைப் பிடித்து மெஷின்களை ஊதிச் சுத்தம் செய்யும் அரை மணி நேரம். கீழே படிந்து கிடந்ததெல்லாம் எங்கள் முகத்து உயரத்துக்கு வந்துவிடும். ஒருநாள் வேலை தொடங்கும்போது என் டிபன் கேரியர் மூடியைத் துடைத்துக் கார்டு மெஷின் ஓரத்தில் வைத்தேன். டீ நேரத்தில் எடுத்து விரலால் என் மகள் பெயரை எழுதினேன்; தெளிவாக விழுந்தது. மூடியில் படிவது பெரிய தூசி, நுரையீரலுக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரியாத நுண்தூசி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கருவி வைத்து அளக்கச் சொல்கிறேன். வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் தூசி வயிற்றில் இறங்கிவிடும் என்று எங்கள் மேஸ்திரி நல்ல மனதோடுதான் சொல்கிறார். வயிற்றுக்குப் போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு.

அளக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன வருடம் ஒரு நாள் கருவியோடு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் முழுவதும் எங்களை வைத்து மில்லைக் கூட்டித் துடைத்தார்கள். அன்று புளோரூமில் போட்டது நல்ல பேல். நான்கு கார்டு மெஷின்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கருவியை வைத்த இடம் நடைபாதையில், ஈரக்காற்று வரும் பக்கம். அந்த இடத்தில் யாரும் நின்று வேலை செய்வதில்லை. என்ன அளவு வந்தது என்று கேட்டேன். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார்கள். எண்ணை மட்டும் சொல்லவில்லை. நூலின் பருமனைக் காட்டும் கவுண்ட்டும் பலமும் ஷிப்டுக்கு ஷிப்ட் பலகையில் ஏறுகின்றன, ஐயா. அந்த நூலை ஓட்டுகிறவனின் மூச்சுக்கும் ஒரு எண் அந்தப் பலகையில் இருக்க வேண்டாமா?

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் இரண்டாம் அட்டவணையில் பஞ்சுத் தூசிக்கு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். மூன்றாம் அட்டவணையில் பிஸ்ஸினோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக உள்ளது. 89-ஆம் பிரிவின்படி மில் மேலாளரும் தெரிவிக்க வேண்டும், பார்க்கும் மருத்துவரும் தெரிவிக்க வேண்டும். தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது 14-ஆம் பிரிவு. எல்லாம் இருக்கின்றன. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகத்துக்குப் போகாமல் நேராகத் தங்களிடம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரும் தம் மாவட்டத்துக்குத் தொழிற்சாலை ஆய்வாளர். மில்லுக்குள் நுழையவும் அளக்கவும் 9-ஆம் பிரிவு தங்களுக்கு அதிகாரம் தருகிறது.

ஆகவே, அந்த இயக்குநரக அதிகாரிகளை முன்னறிவிப்பின்றி அனுப்பி, கழிவுப் பஞ்சு ஓடும் சாதாரண நாளில், முழு ஷிப்டையும் விடாமல், காற்றால் ஊதும் அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துத் தூசியை அளக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். கருவி நடைபாதையில் வேண்டாம். வேலை செய்கிறவரின் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும். வந்த எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் மில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

நுரையீரல் சோதனை இதைவிட முக்கியம். ஏதோ ஒரு நாளில் ஒரு முறை மூச்சளக்கும் கருவியில் ஊதச் சொல்வதால் பயனில்லை. விடுமுறைக்கு அடுத்த நாள், ஷிப்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் ஊதச் செய்து, மூச்சின் அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால்தான் இந்த நோய் பிடிபடும். 91-அ பிரிவின்படி ஆய்வு நடத்தினால், சோதனைக்குச் செலவாகும் நேரமும் வேலை நேரமாகவே கணக்கிடப்படும். எங்களுக்குக் கூலி போகாது. சென்னையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவன வல்லுநர்களின் உதவியையும் தாங்கள் கேட்கலாம்.

விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளையும், ஒடிசா, பிகாரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களையும் சோதனையில் விட்டுவிடக் கூடாது. எங்கள் புளோரூமில் அவர்கள்தான் அதிகம். மூச்சு முட்டுகிறவர் கணக்கை முடித்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார். தாங்கக்கூடியவர் மட்டும் மிஞ்சுகிறார். மிஞ்சியவர்களை மட்டும் பரிசோதித்தால் மில் ஆரோக்கியமாகத்தான் தெரியும். ஆகவே கடந்த மூன்று வருடங்களில் விலகியவர்களின் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்து, எட்டும் தூரத்தில் இருப்பவர்களையாவது வரவழைக்க வேண்டும். காற்றால் ஊதுவதை நிறுத்தி, உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்ய இப்போதே உத்தரவிடலாம். அதற்கு எந்த அளவீடும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மில்லை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. என் வீட்டு அடுப்பும் அந்த மில்லை நம்பித்தான் எரிகிறது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்று 118-அ பிரிவு சொல்கிறது. உறையில் உள்ள பெயர்கள் தங்கள் அலுவலகத்தைத் தாண்டிப் போகாது என்று நம்பித்தான் 23 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இன்று திங்கட்கிழமை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, இதை மூச்சு முட்டாமல் எழுதித் தருகிறேன். வரும் திங்கள், 19-ஆம் தேதி, காலை ஷிப்டில் நான்காவது கார்டு மெஷினில் நிற்பேன். அன்று முடியாவிட்டாலும், அதிகாரிகள் வரும் நாள் ஒரு திங்கட்கிழமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்டிங் பிரிவுத் தொழிலாளி
(ஒப்பம் தனி உறையில்)

இடம்: திருப்பூர்