பொதுத் தானியக் களஞ்சியத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

அறுவடை முடிந்ததும் எல்லா வீட்டுத் தானியமும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது, விலை சரிகிறது. கடன்காரர் காத்திருக்கமாட்டார் என்பதால் கிடைத்த விலைக்கு விற்கும் குடும்பம், சில மாதம் கழித்து அதே தானியத்தை வண்டி வாடகை, தரகு, வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்த்து வாங்குகிறது. இதைத் தவிர்க்கவே 30 குடும்பங்களுக்கான பொதுக் களஞ்சியம் அமைக்கிறோம்.

குடும்பத்துக்கு ஒரு 200 லிட்டர் பீப்பாய். கோதுமை என்றால் ஏறத்தாழ 150 கிலோ கொள்ளும், உமி நீக்காத நெல் என்றால் 110 கிலோதான். காற்றுப்புகாமல் மூடினால் மருந்தே வேண்டாம். உள்ளே இருக்கும் வண்டுகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். ஆனால் பீப்பாய் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் அந்தக் காற்றிலேயே வண்டு நெடுநாள் பிழைக்கும். ஆக்சிஜனைத் தீர்க்க உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடுவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 அளவுக்கு இறங்கியதுமே சுடர் அணைந்துவிடும். வண்டுக்கு அது தாராளம்.

ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், விதைக்கு முளைப்புத்திறன் போகும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்தோடு காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கி 15 நிமிடம் வைத்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டுவது ஈரம் 15க்கு மேல் என்பதைக் காட்டும். ஒட்டாவிட்டாலும் 14 இருக்கலாம். அதனால் ஈரமானி ஒன்று கட்டாயம் தேவை.

பீப்பாய்களைவிட முக்கியம் கைமாற்று நிதி. விற்காமல் அடைத்து வைப்பவருக்கும் அன்றைக்கே பணம் வேண்டுமே! தானியத்தின் அன்றைய விலையில் பாதியை வட்டியில்லாமல் தருவோம்; தானியத்தை எடுக்கும்போது திருப்பித் தர வேண்டும். பாதிக்கு மேல் தரமாட்டோம், விலை ஏறாத ஆண்டும் உண்டு. இந்த நிதி இல்லாவிட்டால் பீப்பாய்கள் காலியாகத்தான் கிடக்கும்.

இவை தவிர, தராசு ஒன்று, காயப்போட 6 தார்ப்பாய், பீப்பாய் தரையில் படாதிருக்க மரச்சட்டங்கள் வேண்டும். பழைய பீப்பாய் தருவதானால் உணவுப்பொருள் இருந்ததை மட்டும் தாருங்கள். ரசாயனம் இருந்த பீப்பாய், எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிக்கொள்வோம். வாய் நெளிந்திருந்தால் பயனில்லை.

பணமாகத் தருபவர்கள் பீப்பாய்க்கா, கைமாற்று நிதிக்கா என்று சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் நிதியில் சேர்ப்போம். ரசீது உண்டு. வரவுசெலவு மாதந்தோறும் களஞ்சிய வாசலில் ஒட்டப்படும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தந்தால் நல்லது: ஒவ்வொரு பீப்பாயையும் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துக் கசிவு பார்த்து, பிறகு நன்றாக உலர்த்த வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
பொதுக் களஞ்சியக் குழுவினர்