பச்சை திரும்பியும் மெலியும் ஓடை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு ராணியே என்னைத் திட்டிவிட்டாள், நீ வேறு ஆரம்பிக்காதே.

மலை எரிந்த மறு வருஷம்கூட நன்றாக ஓடிய ஓடை, காடு தழைத்த பிறகு ஏன் மெலிகிறது என்று கேட்டிருந்தாய். மெலியத்தான் செய்யும்டா. கொஞ்ச நாளாக என் மனசு முழுக்க இதுதான்.

மரம் போனால் முதலில் ஓடையில் தண்ணீர் கூடும். உறிஞ்சி ஆவியாக்க இலை இல்லையே. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் என்ற இடத்தில் 1965-இல் ஒரு ஓடைக்குத் தண்ணீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில் இருந்த காடு முழுவதையும் வெட்டிச் சாய்த்து, களைக்கொல்லி அடித்துத் துளிர்க்கவிடாமல் வைத்தார்கள். முதல் வருஷமே நீர்வரத்து ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. கூடவே மண்ணின் சத்தான நைட்ரேட்டும் கரைந்து வந்தது. வெட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்பவர்கள் இந்த இரண்டாவது சேதியைச் சொல்வதே இல்லை.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குத் தண்ணீர் தரும் மலைகளில் 1939 ஜனவரித் தீயில் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் காடுகள் எரிந்தன. கடுந்தீயில் அந்த மரம் செத்துவிடும். பிறகு விதையிலிருந்து நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கும். அந்த இளங்காட்டுக்கு இருபது, முப்பது வயதானபோது நீர்வரத்து பாதியளவுக்குக் குறைந்துபோனது. பழைய நிலைக்குத் திரும்ப நூறு வருஷத்துக்கு மேலாகும் என்பது குசேரா என்பவர் போட்ட கணக்கு.

முற்றிய மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார். நடுவில் வைரம் பாய்ந்த கட்டை. அது தண்ணீரை மேலேற்றாது. பட்டையை ஒட்டிய வெளி வளையம்தான் ஏற்றும். இளமரத்திலோ கிட்டத்தட்ட தண்டு முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. ஒல்லித் தண்டுதான், ஆனால் அதே நிலத்தில் எத்தனை தண்டுகள்! கூட்டிப் பார்த்தால் முதுகாட்டைவிட இளங்காடு அதிகம் குடிக்கிறது.

எல்லாக் காடும் இப்படியில்லை. மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டவிடும் காட்டை வெட்டினால் ஓடை குறையவும் கூடும். கனரக வண்டிகள் மண்ணை இறுக்கிவிட்டால் மழை மேலோடு ஓடிப்போகும், கோடையில் ஊற்று வற்றும்.

அதனால் வருஷ மொத்தத்தை மட்டும் பார்க்காதே. அமெரிக்காவின் ஓரிகனில் 34 முதல் 43 வயதான டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத் தோட்டங்களில், கோடை நீரோட்டம் முதுகாட்டு ஓடைகளில் இருந்ததில் பாதிதான். மீனுக்கும் கீழே இருக்கிற ஜனங்களுக்கும் அந்த மாதங்கள்தானே உயிர்? நாலைந்து வருஷம் அளந்துவிட்டுக் கருவியைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர்கள் போன பிறகுதானே சரிவே தொடங்குகிறது!

உங்கள் குழுவில் யாராவது "அப்ப இளங்காட்டை வெட்டிடலாமே" என்பார்கள். விடாதே. வெட்டினால் இதே கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். எரியாமல் தப்பிய முதுகாட்டில் யாரையும் கைவைக்க விடாதே.

பாலாவிடம் தீக்கு முந்தைய கோடை அளவுகள் இருக்கும். மழை அளவோடு சேர்த்து வாங்கி அனுப்பு. மழை குறைந்த வருஷங்களைப் பிரித்தெடுக்காமல் மரத்தின்மேல் பழிபோட எனக்கு மனமில்லை.

அன்புடன்,
மூர்த்தி