மழைக்கு முன் மலைப்பாதையைச் சீரமைக்க உங்கள் பத்து வெள்ளி (ரிங்கிட்) வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் பட்டணத்துப் பூங்காவில் மலையேறும் பாதை மூன்றாவது வளைவில் பாதி இடிந்து கிடக்கிறது. போன மாதப் பெருமழை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டது. படிக்கு அண்டை கொடுத்த கட்டை மண்ணில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அங்கேதான் ஒரு பாட்டி வழுக்கி விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தினமும் காலையில் நடக்க வந்துகொண்டிருந்தவர், அதன்பின் வரவில்லை.

இது நம் அப்பா அம்மாக்கள் நடந்து நடந்து உண்டான தடம். மலை முழுக்கப் பால்மரமாக, அதாவது ரப்பர் மரமாக இருந்த காலத்தில், பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்ததும் இருட்டோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இதில்தான் ஏறினார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த அவசரம். இறங்கும்போது தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளி. மேலே இன்னும் சில பால்மரங்கள் வெட்டுத் தழும்போடு நிற்கின்றன. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பனையும் தாமான் குடியிருப்பு வீடுகளும் வந்தபின் நமக்கு மிஞ்சிய தோட்டம் அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் பதினாறு பேர். மாவட்ட மன்றத்தின் அனுமதியோடு, மாதம் இரண்டு ஞாயிறு கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுப்பணி, செய்கிறோம். லாலான் புல் வெட்டுவதும் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவதும் பாராங் கத்தி இருந்தால் முடிகிற வேலை. தண்ணீரைத் திருப்புவதுதான் கஷ்டம். மழைநீர் பாதை வழியாகவே நேராக இறங்கினால், இறங்க இறங்க வேகம் பிடித்து மண்ணை வாரிக்கொண்டு போகும். அதனால் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டையைப் பதித்து, மேல்பக்கம் கல் அடுக்கி, தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுகிறோம். கட்டை மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையே அதைப் பிடுங்கிவிடும். வாய்க்காலில் சருகு அடைத்தாலும் அதே கதிதான். கையால் அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் நடப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சேற்றைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நடக்கிறோம் அல்லவா? அப்படி நடந்து நடந்தே பாதை அகலமாகி, கரை உடைந்து, மரவேர் வெளியே தெரிகிறது. தயவுசெய்து நடுவிலேயே நடங்கள். காலணியைக் கழுவிக்கொள்ளலாம்.

மேல்பாதையில் பன்னிரண்டு இடங்களில் கட்டை பதிக்க வேண்டும். சாதாரணப் பலகை ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். செங்கால் மரம் தாங்கும், ஆனால் விலை அதிகம். அப்புறம் கருங்கல் சல்லி, அதை மேலே கொண்டுபோக இரண்டு கைவண்டி, நான்கு மண்வெட்டி. எல்லாம் சேர்த்து 6,800 வெள்ளி ஆகும். இதுவரை எங்கள் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சமாளித்தோம். இதற்கு அது போதாது.

வீட்டுக்குப் பத்து வெள்ளி கேட்கிறோம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற நேரத்தில், 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஒரு பங்கு 100 வெள்ளி. பால்வெட்டுக் கூலியில் மாதம் பத்துப் பத்தாகக் கட்டித்தான் நம்மவர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் கைகளின் பிள்ளைகளிடம்தான் இப்போது கேட்கிறோம். கூடக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். ஐந்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது உண்டு.

அக்டோபர் மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் 10 மணி வரை பூங்கா வாசலில் எங்கள் உறுப்பினர்கள் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். புத்தகம் இல்லாமல் யார் கேட்டாலும் பணம் தராதீர்கள். வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டப்படும்.

பணம் கொடுக்க வசதியில்லையா? சரி, வேலைக்கு வாருங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு, அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு எடுத்து வாருங்கள். தேநீர் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
பூங்காப் பாதைப் பராமரிப்புக் குழுவினர்