பேர் கொடுத்த எல்லாரும் ஆடினார்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கல்வியாண்டின் விளையாட்டுத் திட்டம் நல்லபடியாக முடிந்தது. பரிசளிப்பு விழாவில் கோப்பை வாங்கிய அணிகளை மேடையேற்றிக் கைதட்டினோம். அந்த அணிகள் களத்தில் இறங்குவதற்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல அங்கே நேரம் இருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் விளையாட்டுக்குப் பேர் கொடுக்கிற எந்தப் பிள்ளையையும் 'அணியில் இடமில்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. நன்றாக ஆடுகிறவர்களுக்குப் போட்டி அணி இருக்கட்டும். மற்றவர்களுக்கும் ஓர் அணி, ஒரு பயிற்சி நேரம், ஆடுவதற்கு ஆட்டங்கள் எல்லாம் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் உடனே சரி என்றார். அதோடு நிற்காமல், 'அப்படியானால் கால அட்டவணையில் எனக்கு என்ன வேலை?' என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் முதல் நன்றி. பயிற்சி நாட்களில் கடைசிப் பாடவேளையில் தேர்வு வைப்பதில்லை, மைதானத்துக்கு வரும் ஆசிரியர்களுக்கு அன்றைக்கு வேறு பொறுப்பு இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்தத் திட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையே எனக்கு வந்தது.

எல்லாருக்கும் இடம் என்று சொல்லிவிட்டோம். அதற்கு எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்ற கணக்கைப் போட்டுக் காட்டியவர் நம் கணித ஆசிரியர். கைப்பந்தில் 8 அணிகள் இருந்தால், தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் முறையில் 7 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். நடத்துகிறவர்களுக்கு அது சுலபம். ஆனால் 4 அணிகள் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும், அதுவும் அதிகம் ஆடிப் பழக வேண்டிய அணிகளே முதலில் போகும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை ஆடும் லீக் என்றால் 28 ஆட்டங்கள்; ஒவ்வோர் அணிக்கும் 7 ஆட்டம் உறுதி. அவர் ஓர் அணியை அசையாமல் வைத்து, மற்ற அணிகளை வட்டமாக ஒவ்வோர் இடம் நகர்த்தி, 7 சுற்றுகளுக்கான அட்டவணையை ஒரே தாளில் முடித்துத் தந்தார். அது ஒட்டப்பட்ட பிறகு ஒரு வகுப்பு வந்து தங்களுக்கும் அணி வேண்டும் என்றது. 9 அணிகள் என்றால் 36 ஆட்டங்கள், 9 சுற்றுகள், சுற்றுக்கு ஓர் அணிக்கு ஓய்வு. முகம் சுளிக்காமல் முழு அட்டவணையையும் மறுபடி போட்டார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் எந்த அணிக்கும் வராமலும் பார்த்துக்கொண்டார். ஐயா, அந்தத் தாமதமான அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் கடைசி ஆட்டம் வரை ஒருவர் குறையாமல் வந்ததும் உங்களுக்குத் தெரியும்.

இத்தனை ஆட்டங்களுக்கு நடுவர்களை எங்கிருந்து கொண்டுவருவது? மேல் வகுப்பு மாணவர்கள் முன்வந்தார்கள். விதிப்புத்தகத்தைப் படித்தார்கள், கை சைகைகளைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார்கள், பயிற்சி ஆட்டங்களில் விசில் ஊதிப் பார்த்தார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டார்கள். கைப்பந்தில் ஸ்கோர் எழுதுவது வெறும் புள்ளிக் கணக்கு இல்லை. யார் எந்த வரிசையில் சர்வீஸ் போட வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் 23-23 என்று நிற்கும்போது, மேசையில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி கை தூக்கினாள். சர்வீஸ் போட்டவர் வரிசை மாறி வந்தவர். எதிரணிக்குப் புள்ளி போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அணித்தலைவன் மேசைக்கு வந்து தாளைப் பார்த்தான். 'ஆமா, எங்க தப்புதான்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அந்த மாணவிக்கும் அந்த அணித்தலைவனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். விதியைப் பற்றி நான் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க முடியாது.

அடுத்து, மைதானப் பணியாளர்கள் இருவர். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். வெள்ளைக்கோடு தானாக வந்து கிடப்பதாகத்தான் ஆடுகிறவர்கள் நினைக்கிறார்கள். கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்தால் அளவு சரியாக வந்துவிடும். மூலை கோணலாகவே இருக்கலாம். அதனால் முதலில் ஒரு மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 மீட்டர், அடுத்த பக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் என்று கயிறு பிடிப்பார்கள். அப்போது மூலை செங்கோணமாக நிற்கும். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள். இரண்டுமே 20.12 மீட்டர் வர வேண்டும். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் பெரியவர் முளையைப் பிடுங்கிவிடுவார். இளையவர் சுண்ணாம்புத் தூள் வண்டியைக் கயிற்றை ஒட்டி ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போவார். மழை பெய்தால் மறுநாள் காலையில் எல்லாம் முதலிலிருந்து. இந்த ஆண்டு மழைக்குக் குறைவே இல்லை. ஒரு தடவைகூட ஆட்டம் கோட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

வலை உயரத்துக்கும் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். பெரிய ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது அளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த உயரத்தில் வலை கட்டினால் பந்து வலையைத் தாண்டவே தாண்டாது. இரண்டே நாளில் ஆர்வம் போய்விடும். கம்பங்களில் கீழே கூடுதலாகத் துளை போட்டுக் கொக்கி மாட்டித் தந்ததால் ஒரே கம்பத்தில் மூன்று உயரம் கிடைத்தது. அந்த வயதுப் பிள்ளைகள் இவ்வளவு பேர் கைப்பந்தில் நிலைத்து நின்றதற்கு என் பயிற்சியைவிட அந்தத் துளைகளே காரணம் என்று நினைக்கிறேன்.

உபகரண அறைச் சாவியை வைத்திருந்த அலுவலக உதவியாளருக்கு நன்றி. எந்தப் பந்து எந்த அணியிடம் இருக்கிறது, எது காற்று இறங்குகிறது எல்லாம் அவர் குறிப்பேட்டில் இருந்தன. அனுமதிப் படிவங்களை வாங்கி, இரத்த வகை, ஆஸ்துமா, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று அணிவாரியாகத் தொகுத்துக் கொடுத்த எழுத்தருக்கும் நன்றி. வெளிப்போட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாள் என் பையில் இருந்தது. ஓட்டுநர் அண்ணனையும் மறக்க முடியாது. பிள்ளைகளை ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போதும் எண்ணுவார், அப்புறம் காலியான வண்டியில் இருக்கைக்கு அடியிலும் பார்த்துவிட்டு வருவார்.

பயிற்சிப் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்களில் பலர் பள்ளி நாட்களில் அந்த விளையாட்டை ஆடியவர்கள்கூட இல்லை. வரலாற்று ஆசிரியர் கூடைப்பந்து அணிக்கு மேலாளர்; தமிழாசிரியை தடகளத்துக்கு. தமிழாசிரியை கேட்ட ஒரு கேள்வியால் எங்கள் தேர்வு முறையே மாறியது. ஒரே வயதுப் பிரிவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். அதோடு வளர்ச்சியும் ஒருவருக்கு முன்னால் வரும், ஒருவருக்குப் பின்னால் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு நாள் தேர்வு வைத்தால், வயதிலும் வளர்ச்சியிலும் முந்தியவர்களைத்தான் 'திறமைசாலி' என்று எடுத்துக்கொள்வோம், இல்லையா என்றார். சரிதான். பல நாடுகளில் பல விளையாட்டுகளில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அதனால் அரையாண்டுக்குப் பிறகு இரண்டாவது தேர்வு வைத்தோம். முதல் தேர்வில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மாணவன் இரண்டாவது தேர்வில் ரிலே அணிக்குள் வந்தான். இதை எழுதுகிறேன் என்று அவனுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே போனான்.

பெண்பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வரும்போது சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து குறைந்துவிடுவது வழக்கம். ஆசிரியைகள் மூவர் அவர்களோடு உட்கார்ந்து பேசிக் காரணங்களைக் கேட்டார்கள். காரணங்கள் எல்லாம் நம்மால் தீர்க்கக்கூடியவையாகவே இருந்தன: உடை மாற்ற நல்ல அறை, விரும்பினால் முழுக்கால் சட்டை போட்டு ஆடலாம் என்ற அனுமதி, முதலுதவிப் பெட்டியில் சானிட்டரி நாப்கின், இருட்டுவதற்குள் முடியும் பயிற்சி நேரம். செய்தோம், வந்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் 'அவர்களுக்கு ஆர்வமில்லை' என்றே எழுதி வைத்திருப்போம்.

பெற்றோர்களில் பிசியோதெரபி படித்த தாய் ஒருவர் பயிற்சி நாட்களில் மைதான ஓரம் வந்து உட்கார்ந்தார். வேகமாக உயரம் கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் வலிப்பது நிறையப் பிள்ளைகளுக்கு வரும் என்றும், அப்போது ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும், 'தாங்கிக்கொண்டு ஆடு' என்று சொல்லக் கூடாது என்றும் எங்களுக்கு விளக்கினார். கால்பந்து அரையிறுதியில் இரண்டு பேர் தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, 'ஒண்ணுமில்ல சார், நான் ஆடுறேன்' என்றான். அந்தத் தாய் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. அவனுடைய அப்பா மறுநாள் வந்து, 'நல்ல காரியம் பண்ணீங்க' என்றார். அணியிலும் ஒருவர் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கும் அந்த அப்பாவுக்கும் அந்த அணிக்கும் என் மனமார்ந்த நன்றி.

இடி கேட்டதும் விசில் ஊதி எல்லாரையும் உள்ளே அனுப்பியபோது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் முழுசாகக் காத்திருந்த விருந்தினர் அணிகளுக்கும் நன்றி.

படிப்பு கெட்டுவிடுமோ என்று கவலைப்பட்டு வந்து பேசிய பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அந்தக் கவலை நியாயமானது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது இதயத் துடிப்பு கூடும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்தில் ஓரிரு உடற்கல்விப் பாடவேளைகள் அதற்குப் போதாது. அதற்காகத் தேர்வு நேரத்திலும் அதே அளவு பயிற்சி வேண்டும் என்பதில்லை. நீங்கள் பேசியதால்தான் தேர்வுக்கு முன் பயிற்சியைக் குறைத்தோம், போட்டி நாளில் வீட்டுப்பாடத்துக்கு மறுநாள் வரை அவகாசம் கிடைத்தது. படிப்பையும் விளையாட்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்ட பாட ஆசிரியர்களுக்கும் நன்றி.

கால் வளர்ந்து போட முடியாத காலணிகளைச் சுத்தம் செய்து அலமாரியில் வைத்துவிட்டுப் போன குடும்பங்களே, அவை எல்லாம் புதிய கால்களுக்குப் போய்ச் சேர்ந்தன. யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று எந்தக் குறிப்பும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம்.

மாற்று ஆட்டக்காரர்களாக இருந்த பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் கூடுதல் ஆட்ட நேரம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்ற விதியை வகுப்பு அணிகளுக்கான லீக்கில் வரும் ஆண்டிலிருந்து எழுத்தில் கொண்டுவர ஆசிரியர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். காத்திருந்தும் பயிற்சிக்கு ஒழுங்காக வந்ததற்கு நன்றி.

ஜெர்சிகளைத் துவைத்து, எண் வரிசைப்படி அடுக்கி, விடுமுறைக்கு முன் உபகரண அறையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நடுவர் பயிற்சிக்கு வர விரும்புகிறவர்கள் அங்கேயே பேர் எழுதலாம். இந்த ஆண்டு பயிற்சி பெற்றவர்களே சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள்.

நன்றியுடன்,
விளையாட்டுத் திட்டப் பொறுப்பாசிரியர்