‘லேட்’ போடவா, வேண்டாமா?

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அதனால் என்னை ராணுவத்தின் மீது குறை சொல்லக் கிளம்பியவள் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்பது இரண்டே இரண்டுதான். 1962 சீனப் போரில் நாம் தோற்றது ஏன் என்று ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் விசாரித்து எழுதிய அறிக்கையை வெளியிடுங்கள். அந்தப் போரில் ‘காணவில்லை’ என்று எழுதப்பட்டவர்கள் கடைசியாக எந்த இடத்தில், எந்தத் தேதியில் இருந்தார்கள் என்று கோப்பில் இருப்பதை அவரவர் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

அறிக்கையின் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் பெரியம்மா இறந்துபோனார். வயது 83. பெரியப்பா சிக்னல் பிரிவில் இருந்தவர். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நேஃபாவுக்கு, அதாவது இன்றைய அருணாசலத்துக்குப் போனார். கடைசியாக வந்த இன்லண்ட் கடிதத்தில், காலுக்குக் கேன்வாஸ் ஷூதான் கொடுத்திருக்கிறார்கள், பாதம் பாளம் பாளமாக வெடிக்கிறது, விளக்கெண்ணெய் அனுப்பு என்று எழுதியிருந்தார். எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. நவம்பரில் அங்கிருந்த சேலா கணவாய் சீனர்களிடம் விழுந்தது, பொம்டிலா விழுந்தது. டிசம்பரில் தந்தி வந்தது. இறந்தார் என்று இல்லை, காணவில்லை என்று இருந்தது.

1963-இல் சீனா போர்க் கைதிகளை விட்டது. 3,968 பேர் பிடிபட்டிருந்தார்கள். அவர்கள் திரும்ப வந்துகொண்டிருந்த மாதங்களில் பெரியம்மா தினமும் போஸ்ட் ஆபீஸ் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பாராம். பிறகு அதுவும் நின்றது.

ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். விதவைப் பென்ஷன் வந்தது. பெரியம்மா வாங்கினார், வாங்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஆனால் தாலியைக் கழற்றவில்லை. பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடப் போன ஓர் அலுவலகத்தில், “பூவும் பொட்டுமா வந்து விதவைப் பென்ஷன் கேக்கறியே?” என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதன் பிறகு போகிற நாளில் பஸ் ஸ்டாண்டிலேயே முந்தானையால் பொட்டை அழித்துவிடுவார். தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது அதே பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கொள்வார். சிறுமியாக நான் பல முறை கூடப் போயிருக்கிறேன். குங்கும டப்பா என் கையில்தான் இருக்கும்.

பெரியப்பாவுக்குத் திதி கிடையாது. கொடுக்க நாள் வேண்டுமே.

பெரியம்மா போன அன்று மாலை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற பையன் போன் செய்தான். “அக்கா, ‘இன்னாரின் மனைவி’ன்னு எழுதியிருக்கீங்க. முன்னாடி ‘லேட்’ போடவா, வேண்டாமா?” என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. உள்ளே பெண்கள் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுமங்கலியாக அனுப்புவதா, இல்லையா? போர் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று வீட்டில் இருந்த முப்பது நாற்பது பேரில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா எழுந்துபோய் அக்காவுக்குப் பொட்டு வைத்துவிட்டார். போஸ்டரில் பெரியப்பாவின் பெயரையே எடுத்துவிட்டோம்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். அதில் பெரியப்பாவின் பெயர் இருக்காது. அது எனக்குத் தெரியும். பயிற்சி, தளவாடம், கட்டளை முறை, வீரர்களின் உடல் தகுதி, தளபதிகளின் திறமை இவற்றைப் பார்க்கச் சொல்லித்தான் விசாரணை வைத்தார்கள். டெல்லியில் நாற்காலியில் இருந்தவர்களை விசாரிக்கும் வேலை அவர்களுக்குத் தரப்படவில்லை. இருக்கட்டும். பஞ்சுத் துணி யூனிபாரமும் கேன்வாஸ் ஷூவுமாக ஆட்களை அவ்வளவு உயரத்தில் ஏற்றியது எப்படி, ஏற்றிய பிறகு சேலாவைவிட்டு இறங்கச் சொன்ன உத்தரவு எப்படி வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அந்த இறக்கத்தில் எங்கோதான் எங்கள் பெரியப்பா இருந்தார்.

லடாக்கில் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவோன் படைப்பிரிவுக் கம்பெனி கடைசிவரை நின்றது. மாதங்கள் கழித்து, கையில் ஆயுதத்தோடு உறைந்துகிடந்தவர்களை முதலில் பார்த்தது ஆடு மேய்க்கிறவர் என்பார்கள். அது கொடுமைதான். ஆனாலும் அந்த வீடுகளுக்கு ஓர் இடம் இருக்கிறது, 1962 நவம்பர் 18 என்று ஒரு நாள் இருக்கிறது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 1,383, காணாமற்போனவர்கள் ஏறக்குறைய 1,700. இறந்தவர்களைவிடக் காணாமற்போனவர்கள் அதிகம். அந்த இரண்டாவது எண்ணுக்குள் எத்தனை குங்கும டப்பாக்கள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிக்கை 1963-இலேயே கைக்கு வந்துவிட்டது. 2010-இல் அன்றைய அமைச்சர் ஏ.கே.அந்தோணி, அது இன்றைய ராணுவ நடவடிக்கைகளுக்கும் பொருந்துகிற மிக நுட்பமான விஷயம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். .303 துப்பாக்கியும் கோவேறு கழுதையுமாக நடந்த சண்டையின் குறைகள் இன்றைக்கும் பொருந்தும் என்றால், மன்னிக்கவும், கவலைப்பட வேண்டியது அறிக்கையைப் பற்றி இல்லை. 2014 மார்ச்சில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி இப்படிக் காலாகாலத்துக்கும் மூடி வைக்கலாமா என்று கேட்டு எழுதினார். எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டோம். சில மாதத்தில் அவரே உங்கள் நாற்காலிக்கு வந்தார். ஜூலையில், வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் கொடுத்தார். நாற்காலியில் என்ன இருக்கிறதோ!

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. சீனாக்காரனிடமிருந்தா? அவன் அங்கேயே இருந்தவன் ஆயிற்றே. வெளிநாட்டாரிடமிருந்தா? நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் எப்போதோ படித்துவிட்டார், 2014-இல் அதன் முதல் தொகுதியின் பெரும்பகுதியை இணையத்திலும் போட்டுவிட்டார். மிச்சம் இருப்பது நாங்கள்தான்.

கார்கில் போருக்குப் பிறகு அதை ஆராய கே.சுப்பிரமணியம் தலைமையில் குழு போட்டார்கள். எங்கள் திருச்சிக்காரர். சில பகுதிகளை நீக்கிவிட்டு அந்த அறிக்கையை 2000-இலேயே நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். நாடு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவருடைய மகன்தான் இப்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் வெளியுறவு அமைச்சர். ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்களேன். 2021-இல் உங்கள் அமைச்சகமும், 25 வருஷத்துக்கு மேற்பட்ட போர் ஆவணங்களைப் பரிசீலித்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப ஒரு கொள்கை கொண்டுவந்தது. 1962-இல் தொடங்கி எண்ணிப் பாருங்கள், 25 இரண்டு முறை போய்விட்டது.

சீனாவைப் பற்றி மேடையில் பேச்சுக்குக் குறைவே இல்லை. 2020 ஜூனில் கல்வானில் 20 பேர் போனார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த மாதக் கடைசியிலேயே டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தீர்கள். என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் இரு நாட்டு வணிகம் வருஷத்துக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டித்தான் நடக்கிறது. 1962-இல் சீன வம்சாவளியில் வந்த நம் ஆட்கள் சுமார் 3,000 பேரை அஸ்ஸாம், டார்ஜிலிங் பக்கமிருந்து பிடித்து ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தோம். அந்த வீடுகளில் என்னென்ன மிச்சம் இருக்கிறதோ. சரி, அது தனியாக ஒரு மடல். எங்கோ ஆரம்பித்து எங்கோ போகிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தள்ளிவிட வேண்டாம். போர் நிதிக்குத் தன் இரண்டு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தவர் எங்கள் பெரியம்மா. தனிநாடு கேட்டுக்கொண்டிருந்த கட்சிகூட அந்தச் சமயத்தில் அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்த ஊர் இது. அன்றைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. அறிக்கையைத்தான் கேட்கிறேன். இன்றைக்கும் ஆபத்து என்று நினைக்கிற வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டாவது கொடுங்கள். காணாமற்போனவர்களின் பட்டியலைப் பெயர், படைப்பிரிவு, கடைசியாக இருந்த இடம், தேதி என்று போட்டுக் கொடுங்கள். இடம் தெரியாதென்றால் தெரியாது என்றே எழுதிக் கொடுங்கள். அதையும் வாங்கிக்கொள்கிறோம்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அடுத்த ஆடியில் பெரியம்மாவுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. அதற்கும் போஸ்டர் அடிப்பார்கள். அந்தப் பையன் மறுபடியும் கேட்பான்.

இப்படிக்கு,
பெரியம்மாவின் தங்கை மகள்